பட்டியலில் யார் பேர் இருக்கிறது? டிஸ்டோபியன் படங்கள் பற்றி மருமகனுக்கு

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் போன வாரம் போனில் கேட்டான்: "மாமா, டிஸ்டோபியன் படம்னு வாரது எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. இடிஞ்ச கட்டடம், புழுதி, கிழிஞ்ச சட்டை, முகமூடி போட்ட வில்லன். நீங்க ஏன் இத விடாம பாக்கீங்க? எது நல்ல படம், எது வெறும் செட்டுன்னு எப்படிக் கண்டுபிடிக்கீங்க? தமிழ்ல ஏன் இப்படி ஒண்ணு வரமாட்டேங்கு?"

கெட்டுப்போன வருங்காலத்தைக் காட்டும் படங்களுக்குத்தான் அந்தப் பெயர். பாதி பதில் சொல்வதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மருமகனே, நான் சினிமா படித்தவன் இல்லை. முக்கூடல் பக்கம் ரேஷன் கடை விற்பனையாளராக இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. கணக்கு முடித்துக் கடையைப் பூட்டி வந்த பிறகு ராத்திரி படம் பார்ப்பேன். கேமரா கோணம், எடிட்டிங் என்று விரிவாகப் பேச எனக்கு வராது. ஆனால் இந்த ஒரு வகைப் படத்தில் எனக்கு ஒரு பிடி உண்டு. அது கடையில் கிடைத்த பிடி.

பஞ்சம் வந்தால், தண்ணீர் தீர்ந்தால், அரசாங்கம் விழுந்தால் ஜனங்கள் ஒருவர் மேல் ஒருவர் பாய்வார்கள் என்றுதான் இந்தப் படங்களில் பெரும்பாலானவை காட்டுகின்றன. ஒரு லாரி வரும், கூட்டம் முண்டும், ஒருவன் கத்தியை எடுப்பான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நான் பார்த்தது வேறு. அந்த 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறி வந்தது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு தண்ணீருக்கு நடுவே நின்றது. சுற்றியிருந்த ஊர்க்காரர்கள், தங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்த நேரத்தில், அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள்.

பிறகு நிவாரணப் பணம் ரேஷன் கடை வழியாக வந்தது. டோக்கன் கொடுத்து, அதிகம் பாதித்த தாலுகாக்களில் கார்டுக்கு 6,000 ரூபாய், மற்ற இடங்களில் 1,000 ரூபாய். என் கடை வாசலில் நின்ற வரிசை தெரு முனை வரைக்கும் போனது. யாரும் யாரையும் தள்ளவில்லை. வயசானவர்களை முன்னால் விட்டார்கள். கைக்குழந்தையோடு வந்தவளுக்கு ஒரு பையன் வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டான். சண்டையே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. எதனால் வந்தது தெரியுமா? வீடு இங்கே முங்கியிருக்கும், கார்டு 1,000 ரூபாய் தாலுகாவில் இருக்கும். கல்யாணமாகி வந்து நாலு வருஷமாகியும் பேர் சேர்க்காத மருமகள் ஒருத்தி. தனியாகச் சமைத்துச் சாப்பிட்டும் தனிக் கார்டு வாங்காத தம்பி ஒருவன். அன்றைக்கு என் கடை வாசலில் கேட்ட அழுகை எல்லாம் பட்டியலைப் பற்றியது. கூட்டம் பொறுமையாக நின்றது. பட்டியல்தான் சிலரை வெளியே நிறுத்தியது.

அதிலிருந்து இந்த மாதிரிப் படம் எதைப் பார்த்தாலும் இடிந்த கட்டடத்தை நான் பார்ப்பதில்லை. இங்கே யார் என்ன சாப்பிடுகிறார்கள்? அதை அளந்து கொடுப்பது யார்? பட்டியலை எழுதியது யார்? பேர் தப்பாக விழுந்துவிட்டால் ஒருவன் எந்த வாசலுக்குப் போய் நிற்பான்? இயக்குநர் இதையெல்லாம் யோசித்திருந்தால் முதல் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். யோசிக்காமல் எடுத்திருந்தால் எத்தனை கோடி கொட்டியிருந்தாலும் அது செட்டுதான்.

இந்த அளவுகோலில் எனக்கு முதல் படம் டெரி கில்லியம் 1985இல் எடுத்த 'பிரேசில்'. அந்த நாட்டுக்கும் படத்துக்கும் சம்பந்தம் இல்லை, ஒரு பழைய பாட்டிலிருந்து வந்த பெயர். ஆரம்பத்திலேயே ஒரு அலுவலகம். கைது செய்ய வேண்டியவர்களின் பெயர்களை மிஷின் வரிசையாக அடித்துத் தள்ளுகிறது. அங்கே இருக்கிற ஊழியர் ஒரு ஈயை அடிக்கிறார். செத்த ஈ மிஷினுக்குள் விழுகிறது. டட்டில் என்று வரவேண்டிய பெயர் பட்டில் என்று விழுந்துவிடுகிறது. ஒரே ஒரு எழுத்து. அன்று ராத்திரி, கிறிஸ்துமஸ் நேரம், பட்டில் என்ற அப்பாவி மனிதர் வீட்டுக்குள் படை இறங்கி, பெண்டாட்டி பிள்ளைகள் முன்னாலேயே அவரைப் பிடித்துக்கொண்டு போகிறது. போகும்போது மனைவியிடம் ரசீதில் கையெழுத்து வாங்குகிறார்கள். அவர் விசாரணையிலேயே செத்துப்போகிறார்.

எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது அதற்கடுத்த காட்சி. விசாரணைச் செலவைத் தப்பான ஆள் கணக்கில் பிடித்துவிட்டார்களாம். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கதாநாயகன் ஒரு குமாஸ்தா, நல்ல மனுஷன். செக்கை எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்கு நேரில் போகிறான். உதவி செய்கிறோம் என்றுதான் அவன் நினைக்கிறான். அந்த அம்மா செக்கைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் உடம்பு எங்கே என்று கேட்கிறாள். அவனிடம் அதற்குப் படிவம் இல்லை, ரசீது இல்லை, பதிலும் இல்லை.

இந்தக் காட்சி ஏன் எனக்கு இவ்வளவு பெரிசு என்று சொல்கிறேன். ரேஷன் கடையில் கைரேகை வைத்தால்தான் பில் என்று 2020இல் வந்தது. நம்ம பக்கம், முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் எல்லாம் வீட்டுக்கு வீடு பீடித் தட்டு உண்டு. இலை வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி, முனை மடக்கி, நாள் முழுக்க ஒரே வேலை. நாற்பது வருஷம் சுற்றிய விரலில் ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். அப்படி ஒரு ஆச்சி வந்தார். மிஷினில் பெருவிரல் வைத்தார், விழவில்லை. ஆள்காட்டி விரல், அதுவும் இல்லை. துடைத்துவிட்டு வைத்தோம், எண்ணெய் தொட்டு வைத்தோம். "வெரலு இருக்கு, ரேகை எங்கய்யா போச்சு?" என்று கேட்டார். கைரேகை விழாவிட்டால் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வழி உண்டு. அது எனக்குத் தெளிவாகத் தெரிவதற்கு முன்னால் அவரை இரண்டு தடவை வெறும் பையோடு திருப்பி அனுப்பினேன். அவர் என்னைத் திட்டவில்லை. மிஷினைத்தான் திட்டினார். 'பிரேசில்' பார்த்த ராத்திரியில் எனக்குப் புரிந்துபோனது, செக்கோடு போய் நின்ற அந்தக் குமாஸ்தா நான்தான் என்று. அந்தப் படத்தில் எல்லாக் கொடுமையும் யாரோ ஒருவர் தன் வேலையைச் சரியாகச் செய்வதால் நடக்கிறது. இதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன வேறு படத்தை நான் பார்த்ததில்லை.

பாங் ஜூன் ஹோ 2013இல் எடுத்த 'ஸ்னோபியர்சர்' அடுத்தது. உலகச் சூட்டைக் குறைக்க வானத்தில் மருந்து தூவி, அது எல்லை மீறிப் போய் உலகமே உறைந்துவிடுகிறது. மிச்சம் இருப்பவர்கள் எல்லாரும் நிற்காமல் ஓடும் ஒரு ரயிலில். பின்பெட்டியில் இருப்பவர்களுக்குக் கறுப்பாக, ஜெல்லி மாதிரி ஒரு கட்டி சாப்பாடு. அது எதில் செய்தது என்று பிற்பாடு காட்டும்போது வயிறு கலங்கும். பூச்சி. ஆனால் என்னைப் பிடித்தது பூச்சி இல்லை. 17 வருஷத்துக்கு முன்னால் ஏறும்போது டிக்கெட் இருந்ததா இல்லையா என்பதை வைத்துத்தான் இன்றைக்கும் ஒருவன் எந்தப் பெட்டியில் வாழ்கிறான் என்று முடிவாகிறது. அங்கேயே பிறந்த பிள்ளைக்கும் அதே பெட்டிதான். படத்தின் ஆரம்பத்தில் காவலர்கள் வந்து ஆட்களை வரிசையாக உட்காரவைத்துத் தலை எண்ணுவார்கள். பிறகு வருகிற கோடாலிச் சண்டையை விட அந்த எண்ணிக்கைதான் எனக்குப் பயமாக இருந்தது.

சமீபத்தில் வந்தவற்றைப் பற்றிக் கேட்டாய். 2024இல் வந்த 'கல்கி 2898 ஏடி' பற்றி உனக்கும் எனக்கும் சண்டையே வந்தது. மறுபடியும் அதையேதான் சொல்கிறேன். கடைசி நகரமாகக் காசி, வற்றிப்போன கங்கை, மேலே தலைகீழாகத் தொங்கும் காம்ப்ளெக்ஸ், அங்கே நுழைய லட்சக்கணக்கில் யூனிட் சேர்க்க வேண்டும் என்ற கணக்கு. இவ்வளவும் நல்ல விதை. நம் நாட்டில் இவ்வளவு பெரிசாக ஒரு பட்டியல் உலகத்தை யாரும் கட்டியதில்லை. ஆனால் கீழே இருக்கிற காசிக்காரன் காலையில் எழுந்து என்ன சாப்பிடுகிறான், ஒரு குடம் தண்ணீருக்கு எத்தனை யூனிட் கொடுக்கிறான் என்று படம் நின்று பார்க்கவே இல்லை. ஹீரோவுக்கு உள்ளே போக யூனிட் வேண்டும், அவ்வளவோடு அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. பிறகு சண்டை, புராணம், மறுபடியும் சண்டை. அமிதாப் பச்சன் அசுவத்தாமனாக நிற்கிற நிற்பு பெரிய விஷயம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அடுத்த பாகத்திலாவது அந்தக் காசித் தெருவுக்குள் கேமரா நடக்க வேண்டும்.

'மிக்கி 17' (2025) பாதிவரை எனக்கு ரொம்பப் பிடித்தது. சாகச் சாக ஒருவனை மறுபடி அச்சடித்து எடுக்கிறார்கள். பழைய பிரிண்டரில் தாள் முன்னும் பின்னும் ஆடி வருவது போல உடம்பு வெளியே வருகிறது. தாங்க ஆள் இல்லாதபோது தரையில் விழுகிறான். விண்கப்பலில் சாப்பாடு கலோரிக் கணக்கில் அளக்கப்படுகிறது. அதோடு நின்றிருக்கலாம். தலைவனும் அவன் மனைவியும் கத்த ஆரம்பித்த பிறகு படம் தளர்ந்துவிட்டது. அலெக்ஸ் கார்லண்டின் 'சிவில் வார்' (2024) பெரிய பெரிய காட்சிகளில் என்னைத் தொடவில்லை, ஆனால் ஒரு பெட்ரோல் பங்க் காட்சி உண்டு. பெட்ரோல் போட வந்த பத்திரிகைக்காரர்கள் 300 டாலர் தருகிறோம் என்கிறார்கள். அதற்கு ஒரு சாண்ட்விச்தான் கிடைக்கும் என்கிறான் பங்க்காரன். கனடா டாலர் என்றதும் சம்மதிக்கிறான். அமெரிக்கா என்ன ஆகிவிட்டது என்பதை அந்த ஒரு பேரம் சொல்லிவிட்டது. வெள்ளை மாளிகைக்குள் நடக்கும் சண்டை முழுவதும் சேர்ந்து அதைச் சொல்லவில்லை.

ஜார்ஜ் மில்லரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 'ஃபியூரி ரோடு' (2015) வந்தபோது எல்லாரும் வண்டியைப் பார்த்தார்கள். நான் பார்த்தது அந்த மதகை. மேலே பாறைக்குள் தண்ணீர். கீழே வெயிலில் ஜனம். அங்கே ஆளுகிற கிழவன் குழாயைச் சில நொடி திறந்துவிட்டு மூடுகிறான். தண்ணீருக்கு அடிமையாகிவிடாதீர்கள் என்று புத்தியும் சொல்கிறான். எட்டு அணைக்கட்டு உள்ள ஆற்றின் கரையில் பிறந்த நமக்கு, பிசான நெல் சாகுபடிக்கு எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று மேலே பார்த்துக்கொண்டே இருந்த நம் தாத்தாமார்களுக்கு, இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. கடைசியில் அந்தக் குழாயைத் திறப்பது ஹீரோ இல்லை. தாய்ப்பால் கறக்க அடைத்து வைத்திருந்த பெண்கள். கவனித்தாயா? அடுத்து வந்த 'ஃபியூரியோசா'வில் (2024) மில்லர் இன்னும் ஒரு படி போனார். ஒரு கோட்டையில் தண்ணீரும் காய்கறியும், ஒன்றில் பெட்ரோல், ஒன்றில் தோட்டா. ஒன்றில்லாமல் ஒன்று வாழ முடியாது. பெட்ரோல் கோட்டையைப் பிடித்தவனுக்கு அதை நடத்தத் தெரியவில்லை, எல்லாம் சரிகிறது. ஆட்டம் குறைவு என்று பலர் சலித்துக்கொண்டார்கள். எனக்கு முந்தின படத்தை விட இதுதான் நெருக்கம்.

இத்தனையிலும் மேலே நான் வைப்பது அல்போன்சோ குவாரோன் 2006இல் எடுத்த 'சில்ட்ரன் ஆஃப் மென்'. கதை நடப்பது 2027இல், லண்டனில். பதினெட்டு வருஷமாக உலகத்தில் ஒரு பிள்ளை பிறக்கவில்லை. உலகத்திலேயே வயது குறைந்தவன் இறந்துபோன செய்தி டிவியில் ஓட, ஒரு காபிக் கடையில் ஜனம் நின்று பார்க்கிறது. கதாநாயகன் காபி வாங்கிக்கொண்டு வெளியே வருகிறான். பின்னால் குண்டு வெடிக்கிறது. அந்த லண்டன் இடிந்து கிடக்கவில்லை. பஸ் ஓடுகிறது, ஆபீஸ் நடக்கிறது. ரயில்வே ஸ்டேஷனில் அகதிகளைக் கூண்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள், வேலைக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்து போகிறார்கள். அரசாங்கம் ரேஷனில் என்ன கொடுக்கிறது என்று ஒரு கிழவர் போகிற போக்கில் சொல்வார்: மனச்சோர்வுக்கு மாத்திரை, கூடவே தற்கொலை செய்துகொள்ள மருந்து. நான் படத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று அந்தப் பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கிறவன் ஒருவன் இருப்பான் இல்லையா? அவனை ஒரு காட்சியில்கூடக் காட்டவில்லை. ஆனாலும் அவன் முகம் எனக்குத் தெரிந்தது.

கடைசிப் பகுதியில் துப்பாக்கிச் சண்டை நடக்கிற கட்டடத்துக்குள்ளிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு இறங்கி வருவாள். அழுகைச் சத்தம் கேட்டதும் துப்பாக்கிகள் நிற்கும். சிப்பாய்கள் வழி விடுவார்கள், சிலர் சிலுவை போடுவார்கள். அவள் தாண்டிப் போனதும் மறுபடியும் சுட ஆரம்பிப்பார்கள். ஜனங்களைப் பற்றிப் பொய் சொல்லாத காட்சி அது. நல்லவர்கள் என்றும் சொல்லவில்லை, மிருகம் என்றும் சொல்லவில்லை. நான் வெள்ளத்தில் பார்த்த ஜனத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

சரி, தமிழ்ல ஏன் வரவில்லை? பணம் இல்லை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பிரெஞ்சு இயக்குநர் கோதார் 1965இல் 'ஆல்ஃபவில்' எடுத்தபோது ஒரு செட்டும் போடவில்லை. அன்றைய பாரிஸையே ராத்திரியில் படம் பிடித்து வேற்றுலகம் என்றார், நம்ப முடிந்தது. நம்மிடம் 'எந்திரன்' (2010), '2.0' (2018) எல்லாம் வந்தன. அவை எந்திரத்தைப் பற்றிய படங்கள். அந்த எந்திரம் வந்த பிறகு ஒரு தெருவில் வாழ்க்கை எப்படி மாறுகிறது என்று அவை யோசிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021) ஒரு டிஸ்டோபியன் படம் என்று உன் நண்பன் சொன்னதாகச் சொன்னாய். பாராட்டாகத்தான் சொல்லியிருப்பான், ஆனால் எனக்கு அது சம்மதமில்லை. பஸ் நிற்காத ஊர், நடு ரோட்டில் ஒரு பெண் பிள்ளை சாகும்போது வண்டிகள் தாண்டிப் போவது, இதெல்லாம் இனிமேல் வரப்போகிறது என்று பயமுறுத்தும் கதை இல்லை. நம் மாவட்டங்களில் மனிதர்கள் வாழ்ந்து கடந்தது. அதைக் கற்பனை அலமாரியில் தூக்கி வைத்தால், பட்டவர்களிடம் நீங்கள் பட்டது கதை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். ஆனால் இந்த வகைப் படம் எடுக்க நினைப்பவர்கள் அவரிடம் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. 'வாழை'யில் (2024) தார் சுமக்கிறவர்கள் கூலி கூட்டிக் கேட்கிறார்கள். கூட்டிக் கொடுத்த கையோடு அந்தக் காசை வண்டிச் செலவில் பிடிக்கிறார்கள், ஏற்றிய தார்களின் மேலேயே ஆட்களை உட்காரவைத்து லாரியை அனுப்புகிறார்கள். அதன் பிறகு நடப்பது உனக்குத் தெரியும். ஒரு சின்னக் கணக்கு எப்படிச் சாவு வரைக்கும் போகிறது என்பதை 'ஸ்னோபியர்சர்' ஒரு ரயில் கட்டிச் சொன்னது. இங்கே ஒரு லாரி போதுமாக இருந்தது.

எனக்கு ஒரு படம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மாஞ்சோலை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் அந்த மலையை 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. அது முடிகிற வருஷம் 2028. அங்கே தேயிலை பறித்தவர்கள் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகள் பிள்ளை பெற்று, தலைமுறை தலைமுறையாக லயன் என்கிற வரிசை வீட்டில் வாழ்ந்தார்கள். ஒரு காகிதத்தில் எழுதின தேதிக்குள் அவர்கள் வாழ்க்கை அடங்கியிருந்தது. 2024இல், தேதிக்கு முன்னாலேயே, தோட்டத்தில் வேலை நின்றது. அந்த மக்களின் கதையை அவர்கள்தான் சொல்ல வேண்டும், அது ஆவணம். நான் சொல்வது அதிலிருந்து கிளம்பும் ஒரு கற்பனை: 2090இல் ஒரு ஊரே குத்தகையில் இருக்கிறது. தெருவும் ஆற்றுத் துறையும் பள்ளிக்கூடமும் முடிவுத் தேதியோடு இருக்கின்றன. தேதி வர எட்டு மாதம். கல்யாணம் பேசுகிறார்கள், வீட்டுக்கு வெள்ளை அடிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார்கள். ஒரு வெடி வேண்டாம், ஒரு முகமூடி வேண்டாம். உன் கல்லூரியில் குறும்படம் எடுக்கிற பையன்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் சொல்லிப் பார். எங்கேயும் அலைய வேண்டியதில்லை, சேரன்மகாதேவி தெருவிலேயே எடுக்கலாம்.

எதில் ஆரம்பிக்கலாம் என்றால், 'பிரேசில்' நீளம், முதலிலேயே வேண்டாம். 1997இல் வந்த 'கட்டாகா' பார். பிறக்கும்போதே ரத்தத்தைச் சோதித்து, இவன் எந்த வேலைக்குத் தகுதி என்று எழுதிவிடுகிற உலகம். தகுதி இல்லை என்று எழுதப்பட்ட ஒருவன் வேறு ஒருவனின் ரத்தத்தையும் அடையாளத்தையும் வைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போகப் பார்க்கிறான். ஒவ்வொரு நாளும் வாசலில் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்த பிறகுதான் கதவு திறக்கும். மூன்றாவது ஞாயிறு எனக்குக் கடை லீவு, அன்றைக்கு வந்தால் சேர்ந்தே பார்க்கலாம்.

கடைசிக் காட்சியில் ராக்கெட் ஏறப் போகிற நேரம், எதிர்பாராமல் இன்னொரு சோதனை. அவன் தயாராக வரவில்லை, மாட்டிக்கொள்ளப் போகிறான். சோதிக்கிற டாக்டர் தன் மகனைப் பற்றி என்னவோ பேசிக்கொண்டே திரையைப் பார்க்கிறார். தகுதி இல்லை என்று அங்கே தெரிகிறது. அவருக்கு இது ரொம்ப நாளாகவே தெரியும். திரையில் வந்ததை மாற்றிவிட்டு, அவனுடைய உண்மைப் பெயரைச் சொல்லி, கிளம்பு, நேரமாகிறது என்கிறார். அந்த ஆச்சி மூன்றாவது தடவை வந்தபோது நான் மிஷினை ஓரமாக நகர்த்திவிட்டுப் பதிவேட்டைத் திறந்தேன். பேர் எழுதினேன், கார்டு நம்பர் எழுதினேன், கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசியை எடை போட்டேன். பை நிறைந்ததும் ஆச்சி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், படியிறங்கிப் போனார்.